20 மைல் என்றால் எவ்வளவு தூரம்? பேர்லின் நாடாளுமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஜேர்மன் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும், வெளியுறவு அமைச்சில் நமீபியாக் கோப்பைக் கையில் வைத்திருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது, அது எனக்கும் தெரியும். ஜேர்மன் மொழியில் எழுத வராமல் இல்லை. 22 வருடமாக இங்கே வரிப் படிவம் நிரப்புகிறேன், அதை விடக் கடினமான ஜேர்மன் உலகத்தில் கிடையாது. ஆனால் கோபம் வந்தால் எனக்குத் தமிழில்தான் வரும். அப்புறம், என்னைப் போல இந்த நாட்டுக் குடியுரிமை எடுத்து வரியும் கட்டி வாக்கும் போடுகிற தமிழர்கள் இங்கே கனபேர் இருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன் உங்கள் காலனியாக இருந்த நமீபியாவில் நடத்திய நாமா, ஹெரேரோ இனப்படுகொலைக்கு என்ன செய்வது என்று எங்கள் பெயரிலும்தான் நீங்கள் அந்த நாட்டோடு பேரம் பேசுகிறீர்கள் என்பதால் அவர்களும் இதை வாசிக்கட்டும் என்று நினைத்தேன்.

நான் இருப்பது பேர்லினில், வெட்டிங் பகுதியில், ஆபிரிக்கத் தெருக்கள் இருக்கிற பக்கம். யூ6 ரயிலில் 'ஆபிரிக்கானிஷ ஸ்ட்ராஸ' என்ற நிலையத்தில் இறங்க வேண்டும். பத்து நிமிட நடையில் டோகோ, கமரூன் என்று ஒரு கண்டத்தையே சுற்றி வந்துவிடலாம். அங்கே ஒரு தெருவுக்கு 2022 டிசம்பர் வரைக்கும் லூடெரிட்ஸ் என்று பெயர், இப்போது கோர்னேலியஸ் ஃபிரெடெரிக்ஸ் தெரு. பெயர் மாறிய புதிதில் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், எல்லாப் பத்திரத்திலும் முகவரி மாற்ற வேண்டுமே என்று என்னிடம் புலம்பினார். நியாயமான புலம்பல்தான், குறை சொல்ல மாட்டேன். என் மகள் கேட்டது வேறு. "அப்பா, யார் இந்தக் கோர்னேலியஸ்?" அப்போது எனக்குப் பதில் தெரியாது. தெரியாதே என்ற வெட்கத்தில்தான் இந்தக் கதைக்குள் நான் வந்தேன்.

வந்த பிறகு விளங்கியது, பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே கதையின் இரண்டு முனைகள். நிலத்தை வாங்கியதாகச் சொன்னவர் பெயரில் முதலில் தெரு இருந்தது. நிலத்தை விற்றதாகச் சொல்லப்பட்டவர்கள் நாமாக்கள், நமீபியாவின் தெற்கில் ஆடு மாடு மேய்த்து வாழ்ந்த மக்கள். அவர்களில் பெத்தானி என்ற ஊரைச் சேர்ந்த ஒருவரின் பெயர் இப்போது அங்கே நிற்கிறது.

விற்பனைக் கதையை உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லப் போகிறேன், ஏனென்றால் நீங்கள் அதை மறந்தது போல நடக்கிறீர்கள். 1883இல் பிறேமன் நகரத்துப் புகையிலை வியாபாரி அடொல்ஃப் லூடெரிட்ஸ், தன் ஆளை அனுப்பி அங்கிரா பெக்கேனா என்ற குடாவை பெத்தானித் தலைவர் ஜோசெஃப் ஃபிரெடெரிக்ஸிடமிருந்து வாங்கினார். கொஞ்ச நாளில் இன்னொரு ஒப்பந்தம். ஒரேஞ்ச் ஆற்றிலிருந்து வடக்கே 26ஆம் அகலக்கோடு வரை, கரையிலிருந்து உள்ளே 20 மைல். தலைவருக்குத் தெரிந்த மைல் ஆங்கிலேய மைல், 1.6 கிலோமீற்றர். ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது 'புவியியல் மைல்', 7.4 கிலோமீற்றர். 32 கிலோமீற்றர் அகல மணல் பட்டையைக் கொடுத்ததாக நினைத்த மனிதருக்கு, கிட்டத்தட்ட 150 கிலோமீற்றர் போய்விட்டது என்று பிறகுதான் தெரிந்தது. இதற்கு உங்கள் மொழியிலேயே 'மைல் மோசடி' என்று ஒரு சொல் இருக்கிறது. அதாவது மோசடி என்பது நான் வைத்த பெயர் அல்ல.

அளவுகோலை மாற்றிப் பிடிக்கிற இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்று சொல்லத்தான் இந்த மடல். அதற்கு முன்னால் அந்த நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும். இனப்படுகொலை பற்றி நமீபிய அரசோடு சேர்ந்து 2021இல் நீங்கள் விட்ட அறிக்கையை வாசித்தால் அங்கே மனிதர் நடந்த நிலம் ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை.

2023 செப்டெம்பரில் மனைவியும் மகளும் நானும் கேப் டவுனில் ஒரு வாடகை வண்டி எடுத்து வடக்கே ஓட்டிப் போனோம். ஸ்பிரிங்பொக் பக்கம் வரும்போது மழைக்குப் பிந்திய பூக்காலம், இரண்டு பக்கமும் செம்மஞ்சள் பூ, விரித்துக் காயப் போட்ட சேலை மாதிரி. அதுதான் நமாக்குவாலாந்து. நாமாக்களின் நாடு என்பது ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒரே நாடு. ஆற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் காரீப். ஒல்லாந்தர் வந்து தங்கள் அரச குடும்பத்தின் பெயரில் ஒரேஞ்ச் என்றார்கள். அப்புறம் ஆங்கிலேயரும் நீங்களும் 1890இல் ஒரு மேசையில் உட்கார்ந்து அதையே எல்லையாக்கினீர்கள். ஆடு மேய்க்கிறவருக்கு ஆறு என்றால் தண்ணீர். எல்லையானது உங்களுக்குத்தான்.

தென்னாபிரிக்கப் பக்கம் ரிக்டர்ஸ்வெல்ட் என்ற மலைப் பாலை இருக்கிறது. அங்கே குபூஸ் என்றொரு ஊர். (வளைகுடாவில் வேலை பார்த்த என் மச்சான் பெயரைக் கேட்டதும் ரொட்டியா என்றான். சரி, அது வேறு கதை.) ஒரு வயதான அம்மா வீட்டு முற்றத்தில் குந்தியிருந்து பாய் தைத்துக்கொண்டிருந்தார். பின்னுவது அல்ல, தைப்பது. ஆற்றோரக் கோரையை அறுத்துக் காயவைத்து, தண்டுகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கி, நீளமான ஊசியால் குறுக்கே குத்திக் கயிறு கோக்கிறார். ஊசி ஒவ்வொரு தண்டையும் துளைத்துப் போகும்போது ஒரு சின்ன 'கிறிச்' சத்தம். இந்தப் பாய்களைத்தான் வளைத்துக் கட்டிய கம்புக் கூட்டின் மேல் போர்த்தி வீடு செய்கிறார்கள். பார்க்க ஒரு கவிழ்த்த பானை போல இருக்கும். வெயிலில் கோரை காய்ந்து சுருங்கும், இடுக்கால் காற்று வரும். மழையில் அதே கோரை நனைந்து ஊதும், இடுக்கு தானாக அடைபடும், உள்ளே ஒழுகாது. கதவும் சாளரமும் திறந்து மூடுகிற வேலையைப் புல்லே பார்த்துக்கொள்கிறது. புல் முடிந்து இடம் மாறும் நேரம் வந்தால் பாயைச் சுருட்டி, கம்பைக் கட்டி, அடுத்த பட்டிக்குப் போய்விடலாம்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே இடுக்குகளில் வெயில் ஊசி ஊசியாக இறங்கியது. எங்கள் ஊரிலும் பாய் உண்டு, படுக்கப் போடுவோம், வீடாகப் போர்த்த முடியும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

பருவத்துக்குப் பருவம் பட்டி மாற்றி ஆடு மேய்க்கும் இந்த வாழ்க்கை ஆபிரிக்காவின் தெற்கில் குறைந்தது இரண்டாயிரம் வருடமாக இருந்தது, இன்று அதைச் செய்கிறவர்களில் கடைசி ஆட்கள் நாமாக்கள் என்று சொல்லித்தான் யுனெஸ்கோ 2007இல் 160,000 ஹெக்டெயர் ரிக்டர்ஸ்வெல்டை உலக மரபுச் சொத்தாக அறிவித்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்த நிலம் அரசாங்கத்துடையது அல்ல, அந்தச் சமூகத்துக்கே சொந்தம், அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் தேசியப் பூங்கா 1991இல் வந்தபோதும், ஆடுகளை வெளியேற்றும் பேச்சை எதிர்த்து நீதிமன்றம் வரை போய், பூங்காவுக்குள்ளேயே மேய்ச்சல் உரிமையோடுதான் கையெழுத்துப் போட்டார்கள்.

அங்கே ஒரு செடி இருக்கிறது. செடியா மரமா என்று சொல்ல முடியாது. முள் நிறைந்த ஒற்றைத் தண்டு ஆள் உயரத்தையும் தாண்டி நிற்கும், உச்சியில் மட்டும் ஒரு கொத்து இலை, தூரத்திலிருந்து பார்த்தால் மலைச்சரிவில் யாரோ நிற்பது போலவே இருக்கும். அதன் பெயரே 'அரை மனிதர்'. தலை எப்போதும் வடக்கே சாய்ந்திருக்கும். தென் அரைக்கோளத்தில் வெயில் வடக்கிலிருந்து வருகிறது, அதனால் சாய்கிறது என்பார்கள் தாவரவியலாளர்கள். நாமாக்கள் சொல்வது வேறு. ஆற்றுக்கு வடக்கே இருந்த தங்கள் நிலத்திலிருந்து துரத்தப்பட்டுத் தெற்கே ஓடி வந்த முன்னோர்கள், திரும்பிப் பார்த்த இடத்திலேயே அப்படியே நின்றுபோனார்களாம். என் மகள் அதன் பக்கத்தில் நின்று கழுத்தைச் சாய்த்து ஒரு படம் எடுத்தாள். நான் எடுக்கவில்லை. 1990இல் தட்டிவானில் ஏறி ஊரை விட்டு வந்தபோது அம்மம்மா கழுத்து வலிக்கும் வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தது ஞாபகம் வந்துவிட்டது. அதை இங்கே நீட்ட மாட்டேன், இது அவர்களுடைய கதை.

அவர்கள் மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொய்கொய்கோவாப். அதில் நான்கு வகை நாக்குச் சொடுக்கு எழுத்தாகவே இருக்கிறது. அதில் ஒன்று நாங்கள் பரிதாபப்பட்டு 'ச்சு' கொட்டுவோமே, அதே சத்தம். இன்னொன்று வண்டிக்காரர் மாட்டைத் தட்டி ஓட்டும்போது கன்னத்தோரம் எழுப்புகிற சத்தம். எங்கள் வாயில் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது, சொல்லாகத்தான் வரவில்லை. ஒல்லாந்தருக்கு இது புரியவில்லை, கேலியாக 'ஹொட்டன்டொட்' என்று பெயர் வைத்தார்கள். இழிசொல். அதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், உங்கள் நாடாளுமன்றத்துக்கு 1907 ஜனவரியில் நடந்த தேர்தலின் பெயரே 'ஹொட்டன்டொட் தேர்தல்'. தென்மேற்கு ஆபிரிக்கா என்று நீங்கள் அப்போது அழைத்த நமீபியாவில் நடந்த போருக்கு அரசு கேட்ட 29 மில்லியன் மார்க்கை நாடாளுமன்றம் மறுத்தது, அதற்காகவே 1906 டிசம்பரில் அதைக் கலைத்தார்கள். அந்தத் தேர்தலில் போரை எதிர்த்த சமூக ஜனநாயகக் கட்சி தன் இடங்களில் பாதிக்குக் கிட்ட இழந்தது.

இதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, 2021 மே மாதத்து உங்கள் கூட்டறிக்கையை மறு கையால் எடுங்கள். "இன்றைய பார்வையில்" அது இனப்படுகொலை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு சொல் ஏன் வந்தது என்று சட்டம் படித்த எந்தப் பிள்ளையும் சொல்லும். இனப்படுகொலை பற்றிய ஐ.நா. உடன்படிக்கை வந்தது 1948இல், அதற்கு முன்னால் நடந்ததற்குச் சட்டப் பொறுப்பு வந்துவிடக் கூடாது. ஆனால் அன்றைய பார்வையில் அது சரியாக இருந்ததா? உங்கள் கட்டடத்துக்குள்ளேயே சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் அவ்குஸ்ட் பேபல் எழுந்து நின்று அந்தப் போரைக் கண்டித்தாரே, அவர் எந்த நாளைய பார்வையில் பார்த்தார்? அன்றே தெரிந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொன்னவர்கள் தேர்தலில் தோற்றார்கள், அவ்வளவுதான்.

ஹென்ட்ரிக் விட்போயைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கிபியோன் நாமாக்களின் தலைவர், நமீபிய நாணயத் தாள்களில் இருக்கிற முகம். அவர் ஒரு கடிதக்காரர். வந்த கடிதம், போன கடிதம் எல்லாவற்றையும் கேப் ஒல்லாந்து மொழியில் கணக்குப் புத்தகம் மாதிரியான பதிவேடுகளில் படியெடுத்து வைத்தார், அவை 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. 1890இல் ஹெரேரோத் தலைவர் மகாரேரோவுக்கு, தன்னோடு வருடக்கணக்கில் சண்டை பிடித்த எதிரிக்கு, எழுதுகிறார்: ஜேர்மனியரின் பாதுகாப்புக்குள் போகிறீர்கள், அது சூரியனை முதுகில் சுமப்பது போல இருக்கும். வெயில் நாட்டில் இருந்து வருகிறவர்களுக்கு அந்த உவமையை விளக்கத் தேவையில்லை.

அவர் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. அதற்குப் பதில் 1893 ஏப்ரல் 12 விடியற்காலை அவர் இருந்த ஹோர்ன்கிரான்ஸ் ஊரில் கிடைத்தது. தூங்கிக்கொண்டிருந்த ஊரை உங்கள் படை சுட்டது. செத்தவர்கள் சுமார் 80 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். விட்போய் தப்பிவிட்டார், அவருடைய வேதப் புத்தகமும் சாட்டையும் கொள்ளையில் போனது. பூசி மெழுகவும் மாட்டேன்: 1894இல் தோற்று ஒப்பந்தம் செய்த பிறகு பத்து வருடம் அவருடைய ஆட்கள் உங்கள் பக்கம் நின்றும் போர் செய்தார்கள், ஹெரேரோக்களுக்கு எதிராகவும்கூட. 1904 ஒக்டோபரில்தான் திரும்பினார், அப்போது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. 1905 ஏப்ரலில் ஜெனரல் வொன் ட்ரோத்தா நாமாக்களுக்கு ஓர் அறிவிப்பு விட்டார், சரணடையாவிட்டால் ஹெரேரோக்களுக்கு நடந்ததே உங்களுக்கும் என்று. விட்போயின் தலைக்கு 5,000 மார்க் விலை. அந்த வருடம் ஒக்டோபர் 29 அன்று குண்டடி பட்டு இறந்தார்.

அந்த வேதப் புத்தகம் ஷ்டுட்கார்ட் அருங்காட்சியகத்தில் நூறு வருடத்துக்கு மேல் இருந்தது. 2019இல் கிபியோனுக்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தீர்கள். நல்ல விஷயம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் யார் கையில் கொடுத்தீர்கள்? நமீபிய அரசுத் தலைவர் கையில். நாமாத் தலைவர்களின் சங்கம், அரசிடம் கொடுக்காதீர்கள், இது எங்களிடமிருந்து எடுத்தது என்று உங்கள் மாநில நீதிமன்றத்துக்கே வந்து கேட்டது, எடுபடவில்லை. ஒரு வீட்டிலிருந்து திருடிய பொருளை, திருட்டுக் கொடுத்தவர் வாசலில் நிற்கும்போதே கிராம அதிகாரியிடம் ஒப்படைத்துப் படம் எடுப்பது மாதிரி.

கோர்னேலியஸ் ஃபிரெடெரிக்ஸ் கதைக்கு வருகிறேன். மகளுக்கு நான் சொன்ன பதில் இது. அவர் பெத்தானித் தலைவர்களில் ஒருவர், உங்கள் படையோடு போரிட்டவர், 1906இல் சரணடைந்தவர். அந்தக் குடாவில் வியாபாரியின் பெயரிலேயே எழுந்த லூடெரிட்ஸ் ஊருக்கு எதிரே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஷார்க் தீவில் தன் ஆட்களோடு அடைக்கப்பட்டு 1907 பெப்ரவரியில் அங்கேயே இறந்தார். அந்தக் கரையில் வீசும் காற்று, நான் சும்மா சொல்லவில்லை, வண்டிக் கதவைத் திறந்தால் கையோடு பிடுங்கிக்கொண்டு போகும். கம்பளி உடுப்போடு நின்ற எனக்கே பல்லடித்தது. வெறும் பாறை. அந்தப் பாறையில் சாக்குத் துண்டும் கிழிசலும் கட்டிய கூடாரத்தில், ஐஸ் மாதிரித் தண்ணீரில் இறங்கித் துறைமுகத்துக்குக் கல் போடுகிற வேலை. சில மாதங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாமாக்கள் செத்தார்கள். மொத்தப் போரில் 10,000 பேர், அவர்கள் சனத்தொகையில் கிட்டத்தட்டப் பாதி. செத்தவர்களின் தலைகளைப் பேர்லினுக்கு 'ஆராய்ச்சி'க்கு அனுப்பினார்கள். 2011 செப்டெம்பரில் சரிட்டே மருத்துவமனை திருப்பிக் கொடுத்த 20 மண்டை ஓடுகளில் 11 நாமாக்களுடையவை. அந்த விழாவில் சனங்கள் சத்தம் போட்டார்கள் என்று உங்கள் வெளியுறவு அமைச்சின் பிரதிநிதி பேசி முடித்ததும் எழுந்து போய்விட்டார். ஒரு மணித்தியாலம் உட்கார முடியவில்லை.

அந்தத் தீவு ஆண்டுக்கணக்காகச் சுற்றுலாக் கூடாரத் தளம். நாங்கள் போனபோதும் இறைச்சி வாட்டுகிற அடுப்புகள் பாறைக்குப் பாறை இருந்தன. கோர்னேலியஸுக்கு ஒரு நினைவுக்கல் நிற்கிறது, அதே தீவில் லூடெரிட்ஸுக்கும் ஒன்று நிற்கிறது. (மனிதர் 1886இல் ஒரேஞ்ச் ஆற்று முகத்துக்கு அப்பால் படகோடு காணாமலே போனவர். நிலத்தை வாங்கிய பிறகு மூன்று வருடத்துக்குச் சற்று மேல்தான் உயிரோடு இருந்தார்.) இதை நடத்தியது நமீபியா, நாங்கள் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மை. அவர்களுக்கு எழுத அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், நான் எனக்கு வாக்கிருக்கிற இடத்துக்கு எழுதுகிறேன்.

கைதிகள் துறைமுகம் மட்டும் கட்டவில்லை, லூடெரிட்ஸிலிருந்து உள்நாட்டுக்கு ரயில் பாதையும் போட்டார்கள். 1908இல் அந்தப் பாதையில் மணல் வாரிக்கொண்டிருந்த சக்கரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி பளபளக்கும் ஒரு கல்லை எடுத்துத் தன் மேலாளரிடம் கொடுத்தார். வைரம். அதே வருடம் ஒரேஞ்ச் ஆற்றிலிருந்து 26ஆம் அகலக்கோடு வரை கரையோரம் முழுவதையும் 'தடை செய்யப்பட்ட பகுதி' என்று மூடினீர்கள், ஏறத்தாழ 26,000 சதுர கிலோமீற்றர். மைலில் ஏமாற்றி எடுத்த பட்டை இப்போது வேலி போட்டு எடுத்ததாயிற்று. இதற்கிடையில் 1907 சட்டங்களின்படி ஒரு நாமா நிலம் வைத்திருக்கவோ மாடு குதிரை வைத்திருக்கவோ ஆளுநரின் அனுமதி வேண்டும். மாட்டுக்காரச் சனத்திடம் மாடு வைத்திருக்காதே என்று சொன்னால், செத்துப் போ என்பதை மரியாதையாகச் சொன்ன மாதிரி. 1915இல் நீங்கள் போனீர்கள், தென்னாபிரிக்கா வந்தது, நாய்க்கு வரி போட்டது. ஆடு மேய்க்கிறவருக்கு நாய் என்னவென்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. எதிர்த்த பொண்டெல்ஸ்வார்ட் நாமாக்கள் மேல் 1922இல் விமானத்திலிருந்து குண்டு விழுந்தது. அவர்கள் பங்குக்கு அவர்கள்.

சரி, இன்றைக்கு வருவோம். 2018 கணக்குப்படி நமீபியாவின் தனியார் பண்ணை நிலத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் வெள்ளையர் கையில். வேலிகள் அப்படியே நிற்கின்றன, கிலோமீற்றர் கணக்கில், தெற்கே வண்டி ஓட்டினால் உங்கள் இரண்டு பக்கமும் கம்பிதான் கூடவே வரும், நடுநடுவே ஜேர்மன் பெயர் எழுதிய வாசல். 1991 நிலமாநாட்டில் மூதாதையர் நிலத்தை முழுதாகத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று நமீபியத் தலைநகர் விந்தூக்கில் முடிவெடுத்தார்கள். நீங்கள் 2021இல் 1.1 பில்லியன் யூரோ, 30 வருடத்துக்கு என்று வந்தீர்கள். இழப்பீடு என்ற சொல் இல்லை. வளர்ச்சி உதவி. பேச்சுவார்த்தை மேசையில் அரசும் அரசும். நாமாத் தலைவர்களின் சங்கமும் ஹெரேரோப் பாரம்பரியத் தலைமையும் இதை ஏற்க மாட்டோம் என்று அன்றே சொன்னார்கள், 2023இல் விந்தூக் உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், என் தொழிலே கணக்குதான். 1.1 பில்லியனை 30ஆல் வகுத்தால் வருடத்துக்கு 37 மில்லியன் கூட வரவில்லை. அதே 2021 ஓகஸ்டில், காற்றிலும் வெயிலிலும் எடுத்த மின்சாரத்தால் செய்கிற எரிபொருளான பச்சை ஹைட்ரஜனுக்காக நமீபியாவோடு நீங்கள் போட்ட உடன்பாட்டின் தொகை 40 மில்லியன் வரை. ஓர் இனத்தில் பாதியைக் கொன்றதற்கு வருட ஒதுக்கீடு ஒரு ஆரம்பகட்ட எரிபொருள் ஆய்வை விடக் குறைவு. நான் ஹைட்ரஜனுக்கு எதிரி இல்லை, குளிர்காலத்தில் என் வீட்டுக்கும் சூடு வேண்டும். ஆனால் அந்தத் திட்டம் எங்கே வருகிறது? ஜேர்மன் கம்பனி ஒன்று பங்காளியாக இருக்கிற ஹைஃபன் திட்டத்துக்கு ஏறத்தாழ 4,000 சதுர கிலோமீற்றர், முன்பு நீங்கள் வேலி போட்டு மூடிய அதே பட்டையில், இப்போது தேசியப் பூங்காவாகப் பெயர் மாறியிருக்கிற இடத்தில். ஏற்றுமதிக்காகத் துறைமுகத்தை ஷார்க் தீவுப் பக்கமே விரிவாக்கும் யோசனை. கைதிகளின் எலும்புகள் அந்தக் கரையிலும் தண்ணீரிலும் இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் எச்சரித்திருக்கிறார்கள். 1883இல் மைல், 1908இல் வேலி, இப்போது காற்றாடி. ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போடுகிற மேசையில் அந்த நிலத்துக்காரரைத் தவிர எல்லாரும் இருக்கிறார்கள்.

இவ்வளவு காலம் போன பிறகு நிலத்தை எப்படித் திருப்புவது என்று கேட்பீர்கள். ஆற்றைத் தாண்டிப் பாருங்கள். 1920களில் வைரம் கிடைத்ததும் ரிக்டர்ஸ்வெல்ட் நாமாக்களைக் கரையோரத்திலிருந்து தள்ளினார்கள், கடைசியில் அந்த நிலம் அரசு வைரக் கம்பனி அலெக்ஸ்கோரிடம் போனது. 1847இலேயே பிரித்தானியா இந்த நிலத்தை எடுத்துக்கொண்டது, அதோடு உங்கள் உரிமை முடிந்தது என்று கம்பனி வாதாடியது. 2003 ஒக்டோபரில் தென்னாபிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நாமாக்களின் சொந்தச் சட்டப்படியே அந்த நிலம் அவர்களுடையது, நிலத்தடிக் கனிமங்களும் சேர்த்து, முடியரசு வந்ததால் அது அழியவில்லை என்றது. இதில் எனக்கு ஆச்சரியம், ஒரு நீதிமன்றம் ஆடு மேய்க்கிறவர்களின் வழக்கத்தைச் சட்டம் என்றே மதித்தது, வெள்ளைக்காரன் சட்டப் புத்தகத்தை அளவுகோலாகப் பிடிக்கவில்லை. 2007இல் ஏறத்தாழ 84,000 ஹெக்டெயர் நிலமும் 190 மில்லியன் ராண்டும் சுரங்கத்தில் 49 சதவீதப் பங்கும் வந்தது. அதன் பிறகு எல்லாம் சுகமாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. பங்குச் சண்டை, நிர்வாகச் சண்டை, தோண்டிக் குழி விட்டுப்போன கரை, எல்லாம் இருக்கிறது. ஆனால் அது தங்கள் நிலத்துக்குள்ளே அவர்கள் போடுகிற சண்டை.

ஆகவே கேட்கிறேன். நமீபிய அரசோடு பேசுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது மக்கள் தேர்ந்தெடுத்த அரசு. அதோடு நாமா, ஹெரேரோத் தலைவர்களையும் அதே மேசையில், கையெழுத்துப் போடுகிற நாற்காலியில் இருத்துங்கள், ஆலோசனை கேட்கிற வாங்கில் அல்ல. பணத்தைப் பாலத்துக்கும் பாடசாலைக்கும் கொடுக்கிற அதே நேரத்தில், விற்க விரும்புகிற பண்ணைகளை வாங்கி அந்தச் சமூகங்களின் பொதுச் சொத்தாக எழுதுவதற்கென்று ஒரு தொகை தனியே ஒதுக்குங்கள், கையில் வருவது உறுதிப்பத்திரமாக இருக்க வேண்டும். ஷார்க் தீவைச் சுற்றி நிலத்திலும் கடலுக்கடியிலும் தேடி முடிக்கும் வரை அந்தத் துறைமுகத்துக்கு ஜேர்மன் பணமோ உத்தரவாதமோ ஒரு சதம் போகக் கூடாது. "இன்றைய பார்வையில்" என்பதை அழியுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். பேர்லினின் நொய்கெல்ன் மாவட்டத்தில், கொலம்பியாடம் கல்லறையில், அந்தப் போரில் செத்த ஜேர்மன் சிப்பாய்களுக்கு ஒரு பெரிய சிவப்புப் பாறை நிற்கிறது. அதன் காலடியில் 2009இல் ஒரு தகடு பதித்தார்கள், நமீபியாவில் காலனி ஆட்சியில் பலியானவர்களுக்காக. போன கிழமை மழைக்குள்ளே போய் இன்னொரு தடவை பார்த்தேன். பாறை என் நெஞ்சளவு. தகடு தரையோடு தரையாக, அதன் மேல் ஈர இலை ஒட்டிக்கொண்டிருந்தது, காலால் தள்ளாமல் குனிந்து கையால்தான் எடுத்தேன். தகட்டில் இனப்படுகொலை என்ற சொல் இல்லை. அது மாவட்டத்தின் வேலை, எங்கள் வேலை அல்ல என்பீர்கள். இருக்கட்டும். டெம்பல்ஹோஃபிலிருந்து நடந்தே போகலாம், ஒரு மதிய இடைவேளை போதும், போய்ப் பாருங்கள்.

நமீபியா 2025 மே 28 அன்று முதல் தடவையாக இனப்படுகொலை நினைவுநாளைத் தேசிய நாளாக வைத்தது. அடுத்த மே மாதம் உங்களில் யாராவது போவதாக இருந்தால் விந்தூக்கில் மாலை வைத்துவிட்டு விமானம் ஏறாதீர்கள். தெற்கே வண்டி ஓட்டுங்கள். கிபியோன், பெத்தானி, லூடெரிட்ஸ். வழியில் வேலிக் கம்பியை எண்ணிக்கொண்டே போங்கள். தூரத்தைக் கிலோமீற்றரில் அளந்தால் போதும்.

இந்த மடலுக்குப் பதில் எழுதுவதாக இருந்தால் தமிழில் வேண்டாம், எனக்கு ஜேர்மன் வாசிக்கத் தெரியும். ஆனால் முதல் பிரதியை எனக்கு அனுப்பாதீர்கள். கிபியோனுக்கும் பெத்தானிக்கும் அனுப்புங்கள், அவர்கள் மொழியில். நான் இரண்டாவது பிரதிக்குக் காத்திருக்கிறேன், வெட்டிங்கில், கோர்னேலியஸ் ஃபிரெடெரிக்ஸ் தெருவுக்குப் பக்கத்தில்.

இப்படிக்கு,
வரி கட்டுகிற ஒரு பேர்லின் தமிழன்